உஷார்! சோலார் பெட்டியில் அடுப்பை மாட்டாதீர்கள்

கையில் தூக்கிக்கொண்டு போகிற சோலார் பெட்டி வீட்டில் வைத்திருப்பவர்களும், வாங்கலாமா என்று பணம் சேர்த்துக்கொண்டிருப்பவர்களும் இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். அந்தப் பெட்டி விளக்கு எரிக்கும். போன் சார்ஜ் ஏற்றும். சின்ன ஃபேன் ஓட்டும். சோறு வடிக்காது. வடிக்க வைத்தே தீருவேன் என்று இண்டக்‌ஷன் அடுப்பையோ காயில் அடுப்பையோ அதில் மாட்டினால் வீடு பற்றிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பயந்துபோய்த்தான் சொல்கிறேன்.

மஞ்சக்குட்டையிலிருந்து எழுதுகிறேன். ஏற்காட்டு மலையில் மழைக்காலம் வந்துவிட்டால் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு சில்வர் ஓக் கிளை கம்பி மேல் சாய்ந்தால் போதும், ராத்திரி முழுக்க இருட்டுதான். காப்பித் தோட்டத்துப் பாதையில் காட்டெருமை நிற்கிறதா என்று பார்க்கவாவது கையில் ஒரு வெளிச்சம் வேண்டும். அதனால் சோலார் விளக்கு எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை. அதன் மேல் எனக்குக் கோபமும் இல்லை. மலையை விட்டு இறங்கினால் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாம்களை நினைத்துத்தான் இந்தப் பயம்.

சேலம் மாவட்டத்தில் தாரமங்கலம், ஓமலூர் வட்டாரத்துப் பவளத்தானூரிலும் குறுக்குப்பட்டியிலும், தம்மம்பட்டிக்குப் பக்கத்து நாகியம்பட்டியிலும் முகாம்கள் இருக்கின்றன. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள், 1990-ல் சண்டை மறுபடி மூண்டபோது வந்தவர்கள், கடைசிப் போரின்போது வந்தவர்கள் என்று தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆட்கள். 2021 ஆகஸ்டில் மாநில அரசு இவற்றுக்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்ட 231.54 கோடி ரூபாய் அறிவித்தது. புது வீடு வந்த இடத்தில் கொஞ்சம் மூச்சு விடலாம். பழைய வரிசை வீடு என்றால் பத்துக்குப் பத்து அறை, மேலே ஷீட், ஒரே கதவு, பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவில் ஒரே சுவர். சமையல், படுக்கை, பிள்ளைகளின் பாடப் புத்தகம், துணி மூட்டை எல்லாம் அந்த ஓர் அறைக்குள்தான். அங்கே ஒரு பேட்டரி பற்றினால் ஒரு வீட்டோடு நிற்காது.

கீழே ஒரு முகாமில் ஒரு அக்கா தன் சோலார் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "அண்ணை, லைட் எல்லாம் நல்லா எரியுது. அடுப்பு போட்டால் மட்டும் ரெண்டு நிமிசத்தில நிக்குது. பொருள் தந்தவன் சோறு கறி எல்லாம் சமைக்கலாமெண்டுதான் சொன்னவன்" என்றார். தவணையில் வாங்கியிருக்கிறார். தொட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் பிளாஸ்டிக் லேசாகப் புடைத்து, அடிமூடி ஸ்குரூவை விட்டு எழும்பி நின்றது. பிளக் பாயின்ட்டைச் சுற்றி மஞ்சள் கறை. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் நகப்பூச்சு மாதிரி ஒரு வாடை. பெட்டியில் கம்பெனி பெயர் இல்லை, முகவரி இல்லை. 1,00,000 எம்ஏஹெச் என்று மட்டும் பெரிய எழுத்தில் தங்க நிற ஸ்டிக்கர்.

சேலத்தில் பேட்டரி வேலை தெரிந்த ஒரு தம்பியிடம் கொடுத்தோம். கடைக்குள் வைத்துத் திறக்க மாட்டேன் என்று வாசலில், மணல் பரப்பிய தகரத் தட்டின் மேல் வைத்துத்தான் மூடியைக் கழற்றினார். உள்ளே விரல் நீளத்துக்கு வரிசையாக லித்தியம் செல்கள். சில பச்சை உறை, சில நீலம், ஒன்றிரண்டின் மேல் பழைய ஈயப் பற்ற வைப்பின் வடு. "எல்லாம் பழைய லேப்டாப் பேட்டரியில் உரித்தெடுத்தது அண்ணா" என்றார். ஒவ்வொரு செல்லும் அளவுக்கு மேல் ஏறாமல், அளவுக்குக் கீழே இறங்காமல் காவல் காக்க ஒரு சர்க்யூட் பலகை இருக்க வேண்டும்; பிஎம்எஸ் என்பார்கள். அது இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். அந்தப் பெட்டியை அந்த அக்கா ராத்திரியில் எங்கே வைப்பார் தெரியுமா? பிள்ளைகள் படுக்கும் பாய்க்குத் தலைமாட்டில். அங்கேதான் பிளக் இருக்கிறது.

இந்தப் பெட்டி ஏன் அடுப்பு எரிக்காது என்பதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை, கூட்டல் பெருக்கல் போதும். எம்ஏஹெச் என்ற கணக்கில் பெரிய எண்ணைக் காட்டி ஏமாற்றுவது சுலபம். லித்தியம் செல்லின் வோல்ட் 3.7. ஒரு லட்சம் எம்ஏஹெச் உண்மையாகவே இருந்தாலும், அதை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 370 வாட்-மணி. அதாவது யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே ஏறக்குறைய 90 வாட்-மணி சூடு வேண்டும். அடுப்பிலும் பாத்திரத்திலும் வீணாவதைச் சேர்த்தால் நூற்றைத் தாண்டும். காலையில் தேத்தண்ணீர், உலை, ஒரு குழம்பு, ராத்திரிக்கு மறுபடி ஏதாவது என்று நாலு பேர் குடும்பத்துக்குப் பார்த்தால் நாளுக்கு இரண்டு யூனிட் பக்கம் போகும். பெட்டியோடு கொடுக்கும் மடக்குப் பேனல் 100 வாட் என்றே வைத்துக்கொள்வோம். கீழ்நாட்டு வெயிலில் நாள் முழுக்கக் காய்ந்தாலும் அது அரை யூனிட்கூடத் தராது. எங்கள் மலையில் ஐப்பசி, கார்த்திகை மூடுபனியில் இன்னும் மோசம். சில்வர் ஓக் நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தால்கூட அது தரும் சக்தி வெகுவாகக் குறைந்துவிடும்.

சரி, பேட்டரி பத்தவில்லை என்றால் அடுப்பு எரியாமல் போகட்டுமே, ஆபத்து எங்கே வருகிறது? இண்டக்‌ஷன் அடுப்பு 1,200 வாட்டிலிருந்து 2,000 வாட் வரை இழுக்கும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஆயிரம் வாட் எடுத்தாலே 83 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். நம் வீட்டு லைட்டுக்கு இழுக்கிற 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் ஏறக்குறைய 15 ஆம்பியர்தான் தாங்கும். அந்தப் பெட்டிக்குள் இருப்பது அதைவிட மெல்லியது. கரண்ட் இரண்டு மடங்கானால் ஒயரில் சூடு நாலு மடங்காகும். முதலில் உறை இளகும், பிறகு செல் சூடேறும், செல்லுக்குள் ஒரு அளவைத் தாண்டிவிட்டால் வெளியிலிருந்து யாரும் எதையும் செய்ய முடியாது. அது தன் சூட்டிலேயே மேலும் சூடாகி, பக்கத்துச் செல்லையும் இழுத்துக்கொண்டு போகும். வருகிற புகையில் கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் இருக்கும். ஒரே கதவுள்ள அறையில் தூங்குகிறவர்களுக்கு விழிப்பு வருவதற்குள் அந்தப் புகை போதும்.

இரண்டு நிமிடத்தில் அடுப்பு நின்றுவிடுகிறது என்று அந்த அக்கா சலித்துக்கொண்டாரே, அவரைக் காப்பாற்றியது அது அப்படி நின்றதுதான். சில இடங்களில் அதையும் பொறுக்காமல், தெரிந்த பையனை விட்டு ஃபியூஸுக்குப் பதில் கம்பி வைத்துக் கட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பெட்டி தானாக நின்றால், என்னால் முடியாது என்று அது சொல்கிறது என்று பொருள்.

லித்தியம் வேண்டாம், வண்டியின் பழைய பேட்டரியை வைத்துக்கொள்கிறோம் என்பவர்களும் இருக்கிறார்கள். ஈய அமில பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவை விடும். மூடிய அறையில் அது சேர்ந்து நிற்க, பக்கத்திலேயே கேஸ் அடுப்பு லைட்டரைத் தட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இன்னொன்று, பேட்டரியின் டிசி கரண்டுக்கு வீட்டு ஏசி சுவிட்சைப் போடுவது. ஏசியில் பொறி ஒரு நொடியில் பலமுறை தானாக அணைய வாய்ப்புண்டு. டிசியில் அது இழுத்துக்கொண்டே நின்று சுவிட்சை உருக்கிவிடலாம்.

சூரியனால் சமைக்கவே முடியாதா என்றால், தாராளமாக முடியும். ஆனால் அது எவ்வளவு பெரிய ஏற்பாடு என்று பாருங்கள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில்லின் சோலார் கிச்சன் மொட்டை மாடியில் 15 மீட்டர் அகலத்துக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. அது நீராவி எடுத்துச் சமைப்பதற்கென்றே கட்டியது. மத்தியப் பிரதேசத்தில் பேத்தூல் மாவட்டத்துப் பாஞ்சா என்ற சிறு பழங்குடி கிராமத்தில், மும்பை ஐஐடி வடிவமைத்த சோலார் அடுப்பை எழுபத்துச் சொச்சம் வீடுகளுக்கும் வைத்துக் கொடுத்தார்கள். அங்கே ஒரு வீட்டுக்கு நான்கு பேனல், அதற்கென்று தனி பேட்டரி, அந்த வோல்ட்டுக்கென்றே செய்த அடுப்பு. இந்தியன் ஆயில் நிறுவனம் 2022-ல் காட்டிய சூர்யா நூதன் அடுப்பு, கூரைப் பேனலிலிருந்து வரும் சக்தியைச் சூடாகவே சேமித்து வைக்கிறது. இவை எதுவும் தோளில் மாட்டிக்கொண்டு போகிற பெட்டி கிடையாது. இந்தப் படங்களைப் போனில் காட்டி, "அங்கேயெல்லாம் நடக்குதே" என்று கையில் பெட்டியைத் திணிப்பவரை நம்பாதீர்கள்.

அகதி முகாம்களில் சூரிய அடுப்பு என்ற எண்ணமே உலகத்துக்குப் புதிதல்ல. கென்யாவில் காக்குமா முகாமில் 1995-லேயே அட்டையும் அலுமினியத் தாளும் வைத்துச் செய்த குக்கிட் அடுப்பைக் கொடுத்தார்கள். சாட் நாட்டில் டார்ஃபூர் அகதிகள் இருந்த இரிடிமி முகாமிலும் அதே அடுப்பு பரவியது. விறகு தேடிப் போன பெண்கள் வழியில் தாக்கப்பட்டார்கள், அதைக் குறைக்கத்தான் அந்த வேலை. அதில் பேட்டரி இல்லை, வெடிக்க ஒன்றும் இல்லை. பாலைவன உச்சி வெயிலில் அது வேலை செய்தது. நம் முகாமில் பெயின்ட் வேலைக்குப் போகிறவருக்குச் சாப்பாடு கட்ட விடியற்காலை ஐந்து மணிக்கு அடுப்பு எரிய வேண்டும். வேலை முடிந்து வந்ததும் ராத்திரி எட்டு மணிக்கு எரிய வேண்டும். சூரியன் இல்லாத அந்த இரண்டு வேளையைக் காட்டித்தான் பேட்டரிப் பெட்டியை விற்கிறார்கள்.

விறகுப் புகையால் பெண்கள் படும் பாடு எனக்குத் தெரியாமல் இல்லை. லண்டனின் சாத்தம் ஹவுஸ் ஆய்வு நிறுவனம் 2015-ல் வெளியிட்ட அறிக்கை, முகாம்களில் வாழும் அகதிகளில் பத்தில் எட்டுப் பேர் சமைக்க விறகையும் கரியையும் நம்பி இருப்பதாகவும், வீட்டுப் புகையால் இடம்பெயர்ந்தவர்களில் ஆண்டுக்கு 20,000 பேர் அகாலமாக இறப்பதாகவும் மதிப்பிட்டது. இந்தப் புகையிலிருந்து தப்பத்தான் அந்த அக்கா கடன் வாங்கிப் பெட்டி வாங்கினார். ஆசைப்பட்டது தப்பே இல்லை. அந்த ஆசையில் காசு பார்க்கிறவன் செய்வது பாவம்.

நெருக்கமான குடியிருப்பில் தீ என்ன செய்யும் என்பதற்கு வங்கதேசத்து காக்ஸ் பஜாரைப் பாருங்கள். 2021 மார்ச் 22-ல் ரோஹிங்யா முகாமில் பிடித்த தீ ஒரே நாளில் ஏறக்குறைய 10,000 குடிசைகளை எரித்து, 45,000 பேரைத் தெருவில் நிறுத்தியது. பதினைந்து பேர் இறந்தார்கள். அது சோலார் பெட்டியால் வந்த தீ என்று நான் சொல்லவில்லை. ஒரு பொறி எங்கே விழுந்தாலும் வரிசை வீடுகளில் அது அடுத்த வரிசைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்பதைச் சொல்கிறேன். நம் முகாம்களில் சித்திரை வெயில் ஷீட்டில் அடிக்கும்போது, ஷீட்டுக்குக் கீழே பரணில் வைத்த பேட்டரி சார்ஜ் ஏறாமலே கொதித்துக்கொண்டிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணம் பறிக்கும் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். "மத்திய அரசு மானியத்தில் சோலார் அடுப்பு, முகாம்காரர்களுக்கு முன்னுரிமை, பதிவுக்கு ஐந்நூறு ரூபாய்" என்று ஆதார் நகலும் வங்கி விவரமும் யாராவது கேட்டால் கதவைச் சாத்துங்கள். 2024 பிப்ரவரியில் வந்த பிஎம் சூர்ய கர் திட்டம் வீட்டுக் கூரையில் நிரந்தரமாகப் பொருத்தி மின்வாரியக் கம்பியோடு இணைக்கும் பேனலுக்கானது. அதில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம், அதுவும் பொருத்தி முடித்த பிறகு வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு வரும். தூக்கிக்கொண்டு போகிற பெட்டிக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது. முகாமுக்கு ஏதாவது திட்டம் வந்தால் முகாம் ஆர்.ஐ.க்கு (வருவாய் ஆய்வாளருக்கு) தெரியாமல் வராது, அவரிடம் கேளுங்கள். முக்கியமாக, "இதை வாங்கிவிட்டால் கேஸ் எதற்கு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்று ஒருவர் சொன்னால் அந்தப் பேச்சையே கேட்காதீர்கள். 2021 அறிவிப்பில் முகாம் குடும்பங்களுக்கு இலவச கேஸ் இணைப்பும், ஆண்டுக்கு ஐந்து சிலிண்டருக்குத் தலா 400 ரூபாய் மானியமும் இருக்கிறது. ஒழுங்காக வைத்திருக்கும் கேஸ் அடுப்பு, நான் பார்த்த அந்தப் பெட்டியைவிட எத்தனையோ மடங்கு பத்திரம்.

விளக்குக்கு மட்டும் வாங்குவதாக இருந்தால் வாங்குங்கள், நானே சொல்கிறேன். மூன்று வாட் பல்பு மூன்று, ஐந்து மணி நேரம் எரிந்தால் 45 வாட்-மணிதான் ஆகும். இதற்கு 20,000 எம்ஏஹெச் அளவே போதும். பிள்ளை படிக்கலாம், ராத்திரி கக்கூஸுக்குப் பயமில்லாமல் போகலாம். வாங்கும்போது லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் வகையா என்று கேளுங்கள். மற்ற லித்தியத்தைவிட அது சூட்டைத் தாங்கும். வாட்-மணி எவ்வளவு என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். பேட்டரியில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும், ஐஎஸ் 16046 என்ற எண்ணும், ஆர் எழுத்துக்குப் பின் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பிஐஎஸ் கேர் என்ற ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருள் என்று வந்துவிடும். வேறு பொருளின் பெயர் வந்தால் போலி. பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். பில் தர மறுக்கிறவர் நாளைக்கு உங்கள் முகத்தையே தெரியாது என்பார்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். பெட்டியை ஒரு சமதரையில் வையுங்கள். ஆடுகிறதா, மூடி எழும்பியிருக்கிறதா, வாடை வருகிறதா, சும்மா இருக்கும்போதும் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், குப்பையில் போடாதீர்கள், பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். வீட்டுக்கு வெளியே, வெயில் மழை படாத, காய்ந்த சருகும் விறகும் இல்லாத வெறுந்தரையில் வைத்துவிட்டு விற்றவரைக் கூப்பிடுங்கள். 2022-ன் பேட்டரிக் கழிவு விதிகள்படி பேட்டரி தயாரித்தவருக்கும் இறக்குமதி செய்தவருக்கும் பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பு உண்டு. நல்ல நிலையில் இருந்தாலும் ஆள் தூங்கும்போது சார்ஜில் போடாதீர்கள். வாசலை அடைக்கும் இடத்தில் வைக்காதீர்கள். தீயே பிடித்துவிட்டால் பணத்தையும் பத்திரத்தையும் தேடாமல் பிள்ளைகளோடு வெளியே வாருங்கள், 101 அல்லது 112-க்கு அடியுங்கள், அடுத்த வீட்டாரையும் எழுப்புங்கள். தீக்காயத்தில் பேஸ்ட்டோ மாவோ தடவாமல் இருபது நிமிடம் குளிர்ந்த குழாய்த் தண்ணீரைக் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஏமாந்த பணத்துக்கு நுகர்வோர் உதவி எண் 1915. ஓடிபி சொல்லிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே 1930. இந்த எண்களை முகாம் நுழைவாயில் சுவரிலும், ரேஷன் கடை வாசலிலும், மலைக் கிராமத்துப் பஸ் நிறுத்தங்களிலும் யாராவது பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். உங்கள் வரிசையில் அப்படி ஒரு பெட்டி இருக்கிறது என்று தெரிந்தால், அது உங்கள் வீட்டில் இல்லையே என்று விடாமல் போய்ச் சொல்லுங்கள். சுவர் ஒன்றுதானே.